அன்று அறிமுகம், இன்று அலாரம்

டோக்கியோவின் கின்சா பகுதியில், அலுவலகக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில் சுகியாபாஷி ஜிரோ என்ற சுஷிக் கடை இருக்கிறது. சமையல் மேடைக்கு முன்னால் பத்தே இருக்கைகள். 2007-இல் மிஷெலின் நிறுவனம் டோக்கியோவுக்கென முதல் உணவகக் கையேட்டை வெளியிட்டபோது, இந்தச் சின்னக் கடைக்கு மூன்று நட்சத்திரம் கிடைத்தது. 2011-இல் அதன் உரிமையாளர் ஜிரோ ஓனோவைப் பற்றி ஓர் ஆவணப்படம் வந்தது. 2014-இல் அமெரிக்க அதிபர் ஒபாமா அங்கே சாப்பிட்டார். உலகமே இடம் கேட்டு நின்றது. 2019-இல் மிஷெலின் அந்தக் கடையின் பெயரைக் கையேட்டிலிருந்து எடுத்துவிட்டது. சுவையில் குறை எதுவும் சொல்லவில்லை. பொதுமக்கள் இடம் பதிவு செய்ய வழியில்லாத கடையைப் பட்டியலில் வைத்திருக்க முடியாது என்றார்கள். பழைய வாடிக்கையாளர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள், பெரிய ஓட்டல் ஒன்றின் வழியாகக் கேட்பவர்கள் ஆகியோருக்கே அங்கு இடம் கிடைத்துவந்தது.

வெளிநாட்டில் உயர்தர உணவகத்தில் ஒரு வேளை சாப்பிடுவது என்பது ஒரு காலத்தில் பல ஊர்களில் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. கையில் பணம் இருந்தால் போதாது, சொல்லிவிட ஓர் ஆள் வேண்டும்.

எங்கே சாப்பிடுவது என்பதைச் சொல்ல அன்று புத்தகம் இருந்தது. கார் ஓட்டுபவர்கள் ஊர் ஊராகப் போனால் டயர் தேயும், தங்கள் வியாபாரம் நடக்கும் என்று டயர் தயாரித்த மிஷெலின் சகோதரர்கள் 1900-இல் பிரான்சில் இலவசமாகக் கொடுத்த கையேடு அது. 1926-இல் நட்சத்திரம் வந்தது. மூன்று நட்சத்திரம் என்றால், அந்தச் சாப்பாட்டுக்காகவே தனியாக ஒரு பயணம் போகலாம் என்று பொருள். ஆனால் போகலாம் என்று சொன்ன புத்தகம், உள்ளே இடம் வாங்கித் தரவில்லை. அதற்குக் கடிதம் எழுதினார்கள், பிறகு ஃபேக்ஸ் அனுப்பினார்கள். தொலைபேசியில் அழைத்தால் மறுமுனையில் பிரெஞ்சோ ஜப்பானிய மொழியோ பேசுவார்கள்.

அந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஓட்டலின் முன்கூடத்தில் உட்கார்ந்திருந்த கன்சியர்ஜ் என்ற விருந்தினர் உதவியாளர். கோட்டுக் கழுத்துப்பட்டியில் குறுக்காக வைத்த இரண்டு தங்கச் சாவிகள் அவர்களின் சங்கச் சின்னம். ஊரில் எந்தச் சமையற்காரரை எந்த நேரத்தில் அழைக்கலாம் என்று அவருக்குத் தெரியும். விருந்தாளிக்கு மணநாள் என்பதையும், இறால் ஒத்துக்கொள்ளாது என்பதையும் அவரே சொல்லிவிடுவார். ஆனால் அந்த உதவி அந்த ஓட்டலில் தங்கியவருக்குத்தான். எளிய விடுதியில் தங்கியவர் வெளியே நின்றார்.

கியோட்டோவின் பழைய தேநீர் விடுதிகளில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். முதல் முறை வருபவரை அவர்கள் ஏற்பதில்லை. ஏற்கெனவே வந்துபோகிற ஒருவர் கூட்டிவர வேண்டும். இதைத் திமிர் என்று நினைத்துவிடக் கூடாது. புதியவரின் நடத்தைக்கும் அவர் வைக்கும் பாக்கிக்கும் கூட்டிவந்தவர் பொறுப்பு. ஜாமீன் இல்லாமல் கடன் கொடுக்காத வழக்கம் நமக்கும் தெரிந்ததுதான்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அறிமுகம் தேவைப்படாத இடங்களில் வேறு வகைத் தவம். கலிபோர்னியாவில் தாமஸ் கெல்லர் நடத்தும் பிரெஞ்சு லாண்ட்ரி என்ற உணவகத்தில் இடம் பிடிக்க, இரண்டு மாதம் முன்னதாகக் காலையில் தொலைபேசியைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. லைன் கிடைப்பதே பெரிதாக இருந்தது. ஸ்பெயினின் கட்டலோனியக் கடற்கரையில் ஃபெரான் அட்ரியா நடத்திய எல் புல்லி ஆண்டில் பாதி நாள்தான் திறந்திருக்கும். ஒரு பருவத்துக்குச் சுமார் 8,000 இடங்கள். கேட்டவர்கள் 20 லட்சம் வரை என்று சொன்னார்கள். 2011 ஜூலையில் அது மூடப்பட்டபோது, கேட்டுக் கிடைக்காதவர்களே உலகில் அதிகம்.

மாற்றம் 1998-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கியது. ஓப்பன்டேபிள் என்ற நிறுவனம் உணவக மேசைகளை இணையத்தில் பதிவு செய்ய வழி செய்தது. 2011-இல் சிகாகோவில் நெக்ஸ்ட் என்ற உணவகம் இன்னும் ஒரு படி போனது. சினிமா டிக்கெட்போலச் சாப்பாட்டுக்கும் முன்பணம் கட்டி டிக்கெட் வாங்க வேண்டும். சனிக்கிழமை இரவைவிட வாரநாளில் விலை குறைவு. அதை நடத்திய நிக் கோகோனாஸ் பிறகு டாக் என்ற நிறுவனத்தையே தொடங்கி, மற்ற உணவகங்களுக்கும் அந்த முறையைக் கொண்டுபோனார். அதே காலத்தில் நியூயார்க்கில் ரெசி என்ற பதிவுச் சேவை வந்தது. ஜப்பானில் ஒமகாசே, டேபிள்செக், பாக்கெட் கன்சியர்ஜ் போன்ற தளங்கள் ஆங்கிலத்தில் பதிவு வாங்கத் தொடங்கின.

ஜப்பானியச் சமையற்காரர்கள் இதற்கு இசைந்ததற்குக் காரணம் உண்டு. எட்டுப் பேர் உட்காரும் கடையில், எட்டுப் பேருக்கு அளந்துதான் அதிகாலையில் சந்தையில் மீன் வாங்குகிறார்கள். இரண்டு பேர் வராவிட்டால் அன்றைய வருமானத்தில் கால்பங்கு போய்விடும். முகம் தெரியாத வெளிநாட்டவரிடம் அவர்கள் தயங்கியது அந்தப் பயத்தால்தான். கடன் அட்டை எண் வந்ததும் தயக்கம் குறைந்தது. அறிமுகம் செய்தவர் ஏற்ற பொறுப்பை இன்று அட்டை ஏற்கிறது.

ஆகவே இன்று நமக்கு வேண்டியது அலாரம். எந்த உணவகம் எந்த நாளில், எத்தனை மணிக்கு அடுத்த மாதத்து இடங்களைத் திறக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். டோக்கியோவில் காலை 10 மணி என்றால் சென்னையில் 6.30. நியூயார்க்கில் கோடைக்காலத்துக் காலை 10 மணி என்றால் நமக்கு இரவு 7.30. அந்த நிமிடத்தில் கணக்கு திறந்து, அட்டை விவரம் ஏற்றித் தயாராக இருந்தால் மதுரையில் இருப்பவருக்கும் மன்ஹாட்டனில் இருப்பவருக்கும் ஒரே வாய்ப்பு.

அந்தச் சம வாய்ப்பையும் கெடுக்க ஆட்கள் வந்தார்கள். கணினி நிரல்களை ஏவி மேசைகளை அள்ளி, கூடுதல் விலைக்கு விற்றார்கள். உணவகத்தின் அனுமதியின்றி மூன்றாம் ஆட்கள் இடங்களை விற்பதைத் தடுக்கும் சட்டம் 2024 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் கையெழுத்தானது. மற்ற ஊர்களுக்கும் அது வர வேண்டும்.

நம்மவர்களுக்கு, குறிப்பாகச் சைவம் சாப்பிடுபவர்களுக்கு, இந்த மாற்றம் பெரிய வரம். வெளிநாட்டுப் பயணப் பெட்டியில் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் போன காலத்தில், நட்சத்திர உணவகம் நமக்கான இடமாகவே தோன்றவில்லை. 2001-இல் பாரிசில் மூன்று நட்சத்திர உணவகமான லார்பேஜில் அலான் பசார் சிவப்பு இறைச்சியை நிறுத்திக் காய்கறிகளை நடுவில் வைத்தார், நட்சத்திரங்கள் போகவில்லை. கோபன்ஹேகனின் ஜெரானியம் உணவகம் 2022 முதல் இறைச்சி இல்லாமல் நடக்கிறது, மீன் மட்டும் உண்டு. இன்று பதிவுப் படிவத்திலேயே உணவுக் கட்டுப்பாட்டை எழுத இடம் இருக்கிறது. அதில் வெறுமனே சைவம் என்று எழுதினால் போதாது. ஜப்பானில் வெறும் காய்கறிக் குழம்பிலும் காய்ந்த மீன் சீவலில் எடுத்த சாறு இருக்கும். இறைச்சி, மீன், முட்டை, மீன் சாறு எதுவும் வேண்டாம் என்று விரித்து எழுத வேண்டும். சுஷிக் கடையில் அதைக் கேட்பதைவிட, பௌத்த மடங்களின் சைவச் சமையலான ஷோஜின் ரியோரி பரிமாறும் இடத்தைத் தேடுவது நல்லது.

இன்னொரு மாற்றம் என் மனத்துக்கு நெருக்கமானது. நியூயார்க்கில் இன்று மேசை கிடைக்காமல் தவிக்க வைக்கும் உணவகங்களில் ஒன்று செம்மா. திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தைச் சேர்ந்த விஜய் குமார் அதன் சமையற்காரர். நத்தைப் பிரட்டல் அங்கே பட்டியலில் இருக்கிறது. 2022-இல் செம்மா மிஷெலின் நட்சத்திரம் வாங்கியது. 2025-இல் அமெரிக்கச் சமையல் உலகின் ஜேம்ஸ் பியர்ட் விருதை விஜய் குமார் வேட்டி கட்டிக்கொண்டு வாங்கினார். வயல்காட்டு நத்தைக்கு உலகம் வரிசையில் நிற்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

கன்சியர்ஜின் குரலில் இருந்த அக்கறை திரையில் இல்லை என்பது உண்மை. ஆனாலும் இன்றைய முறையே நியாயமானது என்பது என் தீர்ப்பு. யாரைத் தெரியும் என்று கேட்காத கதவு, தெரிந்தவர்களுக்கு மட்டும் திறந்த கதவைவிட மேலானது.

பயணம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஓர் ஊருக்கு ஒரு பெரிய சாப்பாடு போதும். அதற்கு நாள் கிடைத்த பிறகு மற்றவற்றை அடுக்குங்கள். இரவுக்குக் கிடைக்காவிட்டால் மதியத்துக்குப் பாருங்கள், பல இடங்களில் விலையும் குறைவு. ரத்து விதியைப் பணம் கட்டும் முன் படியுங்கள். சுஷிக் கடைக்கு வாசனைத் திரவியம் பூசாமல், சொன்ன நேரத்துக்குப் போங்கள். போக முடியாது என்று தெரிந்த அன்றே ரத்து செய்யுங்கள். அந்த இடத்துக்காகக் காத்திருப்பவர் ஒருவர் எங்கோ இருக்கிறார். அடுத்து வரும் நம் ஊர்க்காரரை அந்தச் சமையற்காரர் நம்புவதும் நம் நடத்தையைப் பொறுத்ததுதான்.