நூலக மென்பொருளில் ஒரு மேற்கோள் குறி

கல்லூரி நூலகக் கணினியில் புத்தகப் பட்டியல் மட்டுமா இருக்கிறது? மாணவர்களின் முகவரி, கைபேசி எண், யார் எந்தப் புத்தகத்தை எப்போது எடுத்தார் என்பதெல்லாம் அங்கேதான். ஒரு பெண் மனச்சோர்வைப் பற்றியோ விவாகரத்துச் சட்டத்தைப் பற்றியோ படிப்பது அடுத்தவர் அறியவேண்டிய சங்கதி அல்ல.

இந்த விவரங்களைத் திருடத் தேடல் பெட்டியே போதும். உறுப்பினர் எண் கேட்கும் இடத்தில் ஒருவர் ஒற்றை மேற்கோள் குறி போட்டு, பின்னால் ‘அல்லது 1=1’ என்று பொருள்படும் கட்டளையைத் தட்டுகிறார். தட்டியதை அப்படியே தரவுத்தளத்துக்கு அனுப்பும் வினவலோடு ஒட்டும்படி நிரல் எழுதியிருந்தால், மேற்கோள் குறியோடு எண் முடிந்தது என்று தரவுத்தளம் எடுத்துக்கொள்ளும். மீதியைக் கட்டளையாக நிறைவேற்றும். 1=1 எப்போதும் சரி என்பதால் எல்லா உறுப்பினர்களின் விவரமும் வந்து கொட்டும். இதுதான் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன்.

நியூசிலாந்தில் பிறந்து, நம் கல்லூரிகள் பலவும் பயன்படுத்தும் இலவச மென்பொருளான கோஹாவிலேயே 2015-இல் இத்தகைய ஓட்டைகள் வெளிப்பட்டன. அவற்றில் ஒன்று, உள்நுழையாமலே எவரும் திறக்கக்கூடிய வாசகர் பக்கத்தில் இருந்தது. திருத்தப்பட்ட பதிப்பு அந்த ஆண்டே வந்தது. அதை நிறுவாத நூலகத்துக்கு அந்தத் திருத்தத்தால் என்ன பயன்?

நிரல் எழுதுபவர் செய்யவேண்டியது எளிது. வினவலில் மதிப்பு வரும் இடத்தில் கேள்விக்குறி மட்டும் போட்டு, மதிப்பைத் தனியே அனுப்புங்கள். அப்போது எதைத் தட்டினாலும் அது வெறும் எழுத்துதான், கட்டளை ஆகாது. ஆனால் எந்த நெடுவரிசையை வைத்து வரிசைப்படுத்துவது என்பதற்குக் கேள்விக்குறி உதவாது. அனுமதித்த பெயர்களின் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் ஏற்கவேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஓட்டை இல்லாமலும் விவரம் கசியலாம். கோஹாவில் அறிக்கையை, அதாவது தரவுத்தளத்திலிருந்து விவரம் எடுக்கும் வினவலை, எழுதும் அனுமதியும் அதை ஓட்டும் அனுமதியும் தனித்தனி. முதலாவதை எல்லா ஊழியருக்கும் வாரி வழங்குவது தவறு. எழுதவும் ஓட்டவும் முடிந்தவர் எவருடைய விவரத்தையும் எடுத்துவிடலாம்.

வாசகர்களே, திருப்பிக் கொடுத்த புத்தகங்களோடு உங்கள் பெயர் இன்னும் ஒட்டியிருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். அந்தத் தொடர்பை நீக்கும் வசதி கோஹாவில் உண்டு.

அனுமதியின்றித் தரவை எடுப்பவருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். கசிந்த விவரத்தை வைத்து யாராவது பணத்தைச் சுருட்டினால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். நூலக நிர்வாகம் பதற்றத்தில் சர்வரை அழித்து மறுபடி நிறுவிவிடக் கூடாது. முதலில் பதிவுக் கோப்புகளை நகலெடுத்து வைக்கவேண்டும். அவை போனால் திருடன் எந்தப் பக்கம் வழியாக நுழைந்தான் என்று கண்டுபிடிப்பது கடினம்.