அப்பாவின் வியாபாரக் கடனுக்குப் பூர்வீக வீடு ஈடாகுமா?

கும்பகோணத்தில் தாத்தா காலத்துப் பாத்திரக் கடை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு எடுத்த பாக்கியை அடைக்க, குடும்பத் தலைவர் பூர்வீக வீட்டை அடமானம் வைக்கிறார். பக்கத்துத் தெருக்காரரின் குடும்பத்துக்கோ வியாபாரமே கிடையாது. அவரும் பூர்வீக வீட்டை அடமானம் வைத்து, புதிதாக ரியல் எஸ்டேட் தொழிலில் இறங்குகிறார். இருவருமே நொடித்துப் போகிறார்கள்.

முதல் வீடு மைனர் பிள்ளைகளின் பங்கோடு சேர்ந்தே ஏலத்துக்குப் போகலாம். இரண்டாவது வீட்டில் அந்தக் குடும்பத்து மைனர் பிள்ளைகளின் பங்கைத் தொடுவது கடன் கொடுத்தவருக்குச் சுலபமில்லை. அடமானம் ஒன்றுதான், கடன் எங்கிருந்து முளைத்தது என்பதுதான் வேறு.

இந்த வேறுபாட்டை உறுதியாக நிறுத்தியது 1932-இல், இந்திய வழக்குகளுக்கு அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் சொன்ன பெனாரஸ் வங்கி வழக்குத் தீர்ப்பு. குடும்பத் தலைவர் தானாகத் தொடங்கிய புதுத் தொழிலின் நட்ட அபாயத்தை மைனர் பங்காளிகளின் தலையில் கட்ட முடியாது. அவர் பெற்ற தகப்பனாகவே இருந்தாலும் முடியாது என்றது அது. பரம்பரைத் தொழில் என்றால் நிலைமை வேறு. அதை வழக்கம்போல நடத்தத் தேவையான கடனை வாங்கவும், அதற்குக் குடும்பச் சொத்தை ஈடு வைக்கவும் கர்த்தா எனப்படும் குடும்பத் தலைவருக்கு அதிகாரம் உண்டு.

“நாங்கள் யாருமே கையெழுத்துப் போடவில்லையே, அடமானம் எப்படிச் செல்லும்?” என்று பல குடும்பங்கள் கேட்கின்றன. செல்லும். கர்த்தா அடமானம் வைக்க மற்ற பங்காளிகளின் சம்மதம் தேவையில்லை, மைனரின் பிரிக்கப்படாத பங்கு இருந்தாலும் அது தடையில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கு அது. குடும்பத்துக்கு உண்மையான தேவை அல்லது நன்மை இருந்ததா என்பதே கேள்வி.

அதை நிரூபிக்கும் பாரம் கடன் கொடுத்தவர் மேல்தான். 1856-இல் பிரிவி கவுன்சில் விசாரித்த அனுமான் பிரசாத் பாண்டே வழக்கிலிருந்து தொடரும் விதி இது: தேவை இருக்கிறதா என்று அவர் நேர்மையாக விசாரித்திருக்க வேண்டும். விசாரித்துவிட்டால் போதும்; பணம் பிறகு எதற்குச் செலவானது என்று அவர் காவல் காக்க வேண்டியதில்லை. “குடும்பத் தேவைக்காக” என்று பத்திரத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் மட்டும் விசாரித்ததாக ஆகிவிடாது. தனியார் பைனான்ஸ்காரர்கள் பலர் சறுக்குவது இங்கேதான்.

தந்தைக்கு மட்டும் இன்னொரு வழி இருந்தது. அடமானத்துக்கு முன்பே, அதோடு தொடர்பில்லாமல் வாங்கிய பழைய கடனை அடைக்க அவர் பிள்ளைகளின் பங்கையும் சேர்த்து ஈடு வைக்கலாம். குடும்பத் தேவை என்று காட்ட வேண்டியதுகூட இல்லை. கடன் சூது போன்ற தகாத காரியத்துக்கு வாங்கியதாக இல்லாமல் இருந்தால் போதும். தகப்பன் கடனை அடைப்பது மகனின் அறக்கடமை என்ற பழைய கோட்பாடுதான் இதன் வேர். 2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் அந்த வேரை வெட்டியது. அதற்குப் பின் வாங்கிய கடனுக்கு, அறக்கடமையை மட்டும் காட்டி மகன் மேல் பாய முடியாது. மகளையும் பிறப்பால் பங்காளி ஆக்கியது அதே திருத்தம்தான். ஆனால் தேவைக்காக அடமானம் வைக்கும் கர்த்தாவின் அதிகாரம் இன்னும் அப்படியே இருக்கிறது. பிறப்பிலேயே பங்கு பெற்ற மகளுக்குத் தெரியாமலே அந்தப் பங்கு அடமானம் போவது நியாயமாகப் படவில்லை.

அடமானம் போகும் முன்பே தடுக்கலாமா என்றால், பொதுவாக முடியாது. கர்த்தா சொத்தைக் கைமாற்றும் முன் தடையாணை கேட்க முடியாது, கைமாறிய பிறகே எதிர்க்கலாம் என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிர்த்து வென்றாலும் முழு வீடும் தப்பாது. சென்னை மாகாணத்தில் வேரூன்றிய விதிப்படி, பங்காளி ஒருவர் பிரிக்கப்படாத தன் பங்கைப் பணத்துக்காக மாற்றிக்கொடுக்கலாம் என்பதால் அடமானம் வைத்தவரின் பங்கு கடனுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

வழக்குக்கு முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அது கூட்டுக் குடும்பச் சொத்துதானா? தாத்தா தானே சம்பாதித்த வீடு, இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் அவர் இறந்ததால் அப்பாவுக்கு வந்திருந்தால், அது பொதுவாக அப்பாவின் தனிச் சொத்து. 1986-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அப்படிப்பட்ட வீட்டை அவர் அடமானம் வைத்தால் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கும் உரிமையே இல்லை.

ஆகவே மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் இப்போதே எடுத்துப் படியுங்கள். கடன் வாங்கியே தீர வேண்டுமானால், எதற்காக வாங்குகிறோம் என்பதை எழுதி, வயது வந்த பங்காளிகள் எல்லோரும், மகள்கள் உட்பட, கையெழுத்திடுங்கள். வங்கி 2002-ஆம் ஆண்டின் சர்பேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் அனுப்பி, பிறகு வீட்டைச் சுவாதீனம் எடுத்தால், அன்றிலிருந்து 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும்.