முதுமையா? குறைபாடா?

ஐம்பதைக் கடந்த ஆண்கள் பலர் உடற்சோர்வையும் இல்லற நாட்டக் குறைவையும் வெளியே சொல்லக் கூசுகிறார்கள். மனைவிக்கும் மறைத்து, சுவரொட்டியை நம்பி ஏதோவொரு லாட்ஜ் அறைக்குச் சென்று, லேகியத்திற்கும் ஊசிக்கும் பணத்தைக் கொட்டுவோர் நம்மிலும் உளர். மார்க்கத்தைக் கற்றுக்கொள்ள வெட்கம் தடையாகாத அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். மருத்துவரிடம் பேசவும் வெட்கம் தடையாக வேண்டியதில்லை.

ஆண்களின் உடலில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன், முப்பது வயதுக்குப் பின் ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு குறைந்துகொண்டே வருகிறது. இது இயற்கை. எனவே வயது கூடியது என்பதாலோ, களைப்பாயிருக்கிறது என்பதாலோ மட்டும் ஒருவருக்குக் குறைபாடு இருப்பதாக முடிவு கட்டலாகாது.

ஐரோப்பாவில் எட்டு மையங்களில் 40 முதல் 79 வயது வரையுள்ள 3,369 ஆண்களை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவு இங்கே கருதத்தக்கது. சோர்வு, துக்கம், குனிய இயலாமை போன்றவை இந்த ஹார்மோனோடு உறுதியாகத் தொடர்புறவில்லை. அதிகாலை எழுச்சி அருகுதல், இச்சை குறைதல், விறைப்பின்மை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்து, இரத்த அளவும் குறைந்திருந்தோர் நூற்றுக்கு இருவரே! ஏனையோரின் சோர்வுக்குக் காரணம் வேறு.

சோதனைக்கும் முறையுண்டு. காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும். மாலையில் அளவு இறங்கிவிடும். முதல் முறை குறைவாக வந்தால் இன்னொரு நாள் மீண்டும் எடுத்தே உறுதி செய்வார்கள். காய்ச்சல் நாட்களில் எடுத்த சோதனை ஏமாற்றும். ரமளானில் ஸஹருக்கு விழித்து உறக்கம் குலையும் நாட்களிலும் தள்ளிப்போடுவதே மேல் என்பேன். அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் வல்லுநர்கள் 2018-இல் வெளியிட்ட நெறிமுறையில், டெசிலிட்டருக்கு 264 நானோகிராம் என்பதைக் கீழ் எல்லையாகக் குறித்தார்கள். பருமனானவர்களுக்கும் முதியவர்களுக்கும் மொத்த அளவு மட்டும் உண்மையைச் சொல்லாது. புரதத்தோடு பிணையாத பகுதியையும் கணக்கிட வேண்டியிருக்கும்.

குறைவு உறுதியானபின், கோளாறு விதைப்பையிலா, மூளையடிச் சுரப்பியிலா என்பதை எல்.எச். என்னும் ஹார்மோனின் அளவு காட்டிக்கொடுக்கும். உடற்பருமன், சர்க்கரை நோய், நெடுநாள் உட்கொள்ளும் ஓபியம் வகை வலிநிவாரணி ஆகியனவும் அளவைக் குறைக்கும். எடை குறைந்தாலே அளவு உயர்வதுண்டு.

லேகியத்தை நம்புவோர் இழப்பது பணத்தை மட்டுமன்று. விறைப்பின்மை, சில வேளைகளில் இதய இரத்தக் குழாய் அடைப்பின் முன்னறிவிப்பாகவும் அமையும். லாட்ஜ் அறையில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் யார் சோதிக்கிறார்கள்?

குழந்தைப் பேற்றை நாடுவோர் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெளியிலிருந்து செலுத்தப்படும் டெஸ்டோஸ்டிரோன் விந்தணு உற்பத்தியை ஒடுக்கிவிடும்.