கோபத்தை ஊறப் போடுங்க!

"ஸ்டாம்ப் சேர்க்கிறதெல்லாம் சின்னப் பசங்க வேலை" என்று என் வீட்டுக்காரி சொல்ல ஆரம்பித்து முப்பது வருஷம் ஆகிறது. இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். நானும் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்!

எங்க ஊர் மூங்கில்துறைப்பட்டு. தென்பெண்ணைக் கரை. கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிற ஊர். அரவை சீசனில் ஊரே பாகு வாசனை அடிக்கும். அதுக்காக மனுஷனும் இனிப்பாக இருக்கணும்னு சட்டமா என்ன? திருவண்ணாமலையிலிருந்து வருகிற பஸ்ஸுக்கு முன்னால் ஒரு கரும்பு டிராக்டர் மாட்டினால் போதும்... கோபம் கரும்பு லோடுக்கு மேலே ஏறி உட்கார்ந்துவிடும். வீட்டுக்கு வந்தால் கரண்ட் இருக்காது. பி.பி. பார்த்த டாக்டர், "சின்ன விஷயத்துக்கெல்லாம் டென்ஷன் ஆகாதீங்க" என்றார். அவருடைய ஃபீஸைக் கேட்டதும் அதுவே ஒரு டென்ஷன்!

அந்த மாதிரி நேரத்தில் ஆல்பத்தைப் பிரித்துவிடுவேன். உலகத்தின் முதல் ஸ்டாம்ப் 'பென்னி பிளாக்', 1840 மே மாதம் இங்கிலாந்தில் வந்தது. முதலில் போட்டவர்கள் என்கிற ஜம்பத்தில், பிரிட்டிஷ்காரர்கள் இன்றுவரை ஸ்டாம்பில் நாட்டின் பெயரைப் போடுவதில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் ஸ்டாம்ப் 1947 நவம்பர் 21-ல் வந்தது. தேசியக் கொடி, மூன்றரை அணா. 2006-ல் சந்தன வாசனையோடு ஒரு ஸ்டாம்ப் வந்தது. மோந்து பார்த்த என் வீட்டுக்காரி, "பதினஞ்சு ரூபாய்க்கு ஒரு சந்தன வில்லையே வாங்கியிருக்கலாமேங்க!" என்றாள்.

கவரில் ஒட்டின ஸ்டாம்பை எடுக்க ஒரு பக்குவம் உண்டு. பிய்க்கக் கூடாது. சுற்றிலும் கொஞ்சம் பேப்பர் விட்டு வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் போட வேண்டும். கலர் கவர் என்றால் தனிக் கிண்ணம். இல்லாவிட்டால் சாயம் இறங்கிவிடும். பசை கரைந்ததும் ஸ்டாம்ப் தானாகவே நழுவி வரும். அதைக் குப்புறப் போட்டு உலர்த்தி, கனமான புத்தகத்துக்குள் வைத்தால் ஜோர்! அந்தக் கால் மணி நேரத்தில் பஸ், டிராக்டர், கரண்ட் எல்லாமே மறந்து போகும்.

போன பொங்கலுக்குப் பரண் சுத்தம் பண்ணும்போது ஒரு பழைய கவர் கட்டு கிடைத்தது. சிங்கப்பூரிலிருந்து அண்ணன் அனுப்பினவை. அப்புறம் ஊறப் போடலாம் என்று கட்டி வைத்ததுதான். பழைய கவர்களில் 'தென்னாற்காடு மாவட்டம்' என்று விலாசம். 1993-க்குப் பிறகு 'விழுப்புரம்'. 2019-லிருந்து நாங்கள் கள்ளக்குறிச்சி. வீடு மட்டும் அதே இடத்தில்தான் இருக்கிறது!

அண்ணனும் நானும் பேசி அப்போது எட்டு மாசம். ஒரு முழ வரப்புத் தகராறு. கவரை வெட்டாமல் தூக்கிப் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. திருப்பினேன். பின்பக்கம் பென்சிலில் அண்ணன் கையெழுத்து: 'தம்பி, இது புது ஸ்டாம்ப். லீவு நாள்ல அலைஞ்சு வாங்கினேன். பத்திரமா எடு.'

தண்ணீரில் போட்டேன். கால் மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பிய்த்திருந்தால் கிழிந்திருக்கும். ஊறினதில், அதுவாகவே கழன்று மிதந்தது.

போனை எடுத்தேன்.

"அண்ணே..."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "என்னடா... ஸ்டாம்ப் ஏதாவது வேணுமா?" என்றார்.

வரப்பு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. ஊறட்டும்!