கைமாறியதால் பிழைத்த வண்ண மக்காச்சோளம்

நீலம், ஊதா, சிவப்பு, மஞ்சள்னு கண்ணாடி மணிகளைக் கோத்த மாதிரி ஒரு மக்காச்சோளக் கதிர். இந்தப் படம் உங்க செல்போனுக்கும் வந்திருக்கலாம். நிறம் ஏத்தின படம் இல்லைங்க, நிஜமான பயிர்தான். பெயர் 'கிளாஸ் ஜெம்'.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநில விவசாயி கார்ல் பார்ன்ஸ், செரோக்கி பழங்குடி வம்சாவளியினர். முன்னோர் பயிரிட்ட பழைய ரகங்களைத் தேடி வளர்த்தார். வண்ணம் மிகுந்த கதிர்களையே ஆண்டுதோறும் விதைக்கு எடுத்து வைத்தார். அப்படி உருவானதுதான் இந்த ரகம்.

1990-களில் கிரெக் ஷோன் என்பவருக்கு விதைகளைக் கொடுத்தார். அங்கிருந்து அரிசோனாவின் 'நேட்டிவ் சீட்ஸ் சர்ச்' விதை வங்கிக்குப் போனது. 2012-ல் ஒரு படம் இணையத்தில் பரவ, பலரும் விதை கேட்கத் தொடங்கினார்கள்.

இதை அவிச்சுச் சாப்பிட முடியாது. மணி ரொம்பக் கெட்டி. பொரிக்கலாம், மாவாக அரைக்கலாம். மக்காச்சோள மகரந்தம் காற்றில் பரவும் என்பதால், மற்ற ரகங்களிலிருந்து தள்ளி விதைத்தால்தான் ரகம் கலக்காது.

நம் நாட்டிலும் விதையைச் சேமிக்க, பகிர, பிராண்டு பெயரில்லாமல் விற்க விவசாயிகளுக்கு உரிமை உண்டு. பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம், 2001 அதைத் தருகிறது. பாரம்பரிய ரகத்தைப் பதிவும் செய்யலாம்.

உங்க வீட்டில் பழைய விதை இருக்கா? பானையிலேயே விட்டுடாதீங்க. விதைச்சு, நாலு பேருக்குக் கொடுங்க.