சர்வர் மறக்க வேண்டிய பழைய சைஃபர்கள்

மாதக் கடைசியில் ஒரு நிறுவனத்திலிருந்து வங்கிக்குச் சம்பளக் கோப்பு போகிறது. ஆய்வகத்திலிருந்து மருத்துவமனைக்கு ரத்தப் பரிசோதனை முடிவுகள் போகின்றன. இப்படிப்பட்ட கோப்புகளை அனுப்ப நிறுவனங்கள் பரவலாக நம்பியிருக்கும் வழி எஸ்எஃப்டிபி. அதைப் பயன்படுத்தினாலே கோப்பு பத்திரம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது பாதி உண்மைதான். எந்த சைஃபரில், அதாவது எந்த மறையாக்க முறையில், தரவைப் பூட்டுவது என்பதை ஒவ்வொரு முறையும் இரண்டு முனைக் கணினிகளும் பேசி முடிவு செய்கின்றன. அந்தப் பேச்சில் எதற்கெல்லாம் இடமுண்டு என்று சொல்வது சர்வரில் இருக்கும் ஒரே ஒரு வரி. அந்த வரியைப் பல இடங்களில் யாரும் திறந்து பார்ப்பதே இல்லை.

கோப்புகளை அனுப்புவதற்கான முதல் நெறிமுறையான எஃப்டிபியை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்துவிட்டு அமெரிக்காவின் எம்ஐடிக்குப் போனவர். அன்றைய வலையமைப்பில் ஒருவரை ஒருவர் அறிந்த ஆய்வாளர்கள்தான் இருந்தார்கள். அதனால் பயனர் பெயர், கடவுச்சொல், கோப்பு எல்லாமே அப்படியே வெளிப்படையாகப் போயின. அதை அவருடைய குற்றமாகக் கருத முடியாது. ஆனால் வலையமைப்பு வளர்ந்து அந்நியர்களால் நிறைந்த பிறகும் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திருடினார்கள். அங்கிருந்த தாத்து உலோனென் என்ற ஆய்வாளர் அந்த ஆண்டே எஸ்எஸ்எச் நெறிமுறையை எழுதி இலவசமாக வெளியிட்டார். எஃப்டிபியின் போர்ட் எண் 21, தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் டெல்நெட்டின் எண் 23. இரண்டுக்கும் நடுவில் காலியாக இருந்த 22ஐக் கேட்டு வாங்கினார். இன்றும் அதே எண்தான். எஸ்எஃப்டிபி என்பது அந்த எஸ்எஸ்எச் இணைப்புக்குள் ஓடும் கோப்புப் பரிமாற்றம். ஆகவே கோப்பின் பாதுகாப்பு முழுக்க எஸ்எஸ்எச்சின் பாதுகாப்புதான்.

இணைப்பு தொடங்கும் நொடியில் நடப்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். இரு பக்கமும் முதலில் தங்கள் மென்பொருளின் பதிப்பைச் சொல்லிக்கொள்கின்றன. அடுத்து ஒவ்வொன்றும் பத்துப் பட்டியல்களை அனுப்புகிறது. சாவியை எந்த முறையில் உருவாக்குவது, சர்வர் தன் அடையாளத்தை எந்தக் கையொப்பத்தால் நிரூபிப்பது, போகிற திசைக்கு எந்த சைஃபர், வருகிற திசைக்கு எந்த சைஃபர், வழியில் தரவை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் சோதனை முத்திரை எது என்றெல்லாம் அவற்றில் இருக்கும். மறையாக்கம் இன்னும் தொடங்கவில்லை என்பதால் இந்தப் பட்டியல்களை நடுவில் இருக்கும் யாரும் படிக்கலாம். திருத்தினால் மட்டும் மாட்டிக்கொள்வார்கள். ஏனென்றால் பட்டியல்களையும் உள்ளடக்கிய ஒரு சுருக்கத்தில் சர்வர் பிறகு கையொப்பமிடுகிறது.

சைஃபரைத் தேர்ந்தெடுக்கும் விதி எளிமையானது. கிளையன்ட், அதாவது இணைப்பைத் தொடங்கும் கணினி, அனுப்பிய பட்டியலை மேலிருந்து படித்துக்கொண்டே வர வேண்டும். அதில் எந்தப் பெயர் சர்வரின் பட்டியலிலும் முதலில் தென்படுகிறதோ, அதுதான் முடிவு. சர்வர் தன் பெயர்களை எந்த வரிசையில் எழுதியிருக்கிறது என்பதற்கு இங்கே மதிப்பே இல்லை. நல்ல சைஃபர்களை மேலே எழுதிவிட்டு, ‘யாருக்காவது தேவைப்படலாம்’ என்று பழையவற்றைக் கடைசியில் விட்டுவைக்கும் நிர்வாகிகள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். பழைய கிளையன்ட் ஒன்று 3டெஸ் என்ற பழைய சைஃபரின் பெயரை முதலில் சொன்னால், சர்வரின் பட்டியலில் 3டெஸ் எங்கே ஒளிந்திருந்தாலும் அதுவே தேர்வாகிவிடும். சர்வரின் கையில் இருக்கும் ஒரே உண்மையான அதிகாரம் ஒரு பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது.

எதை எடுப்பது, ஏன் எடுப்பது? முதலில் 3டெஸ். 1977இல் அமெரிக்க அரசு தரமாக்கிய டெஸ் சைஃபரின் சாவி 56 பிட்தான். 1998இல் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் இரண்டரை லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் ஓர் இயந்திரம் கட்டி, அந்தச் சாவியை 56 மணி நேரத்தில் கண்டுபிடித்தது. டெஸ்ஸை மூன்று முறை ஓட்டுவது என்ற ஒட்டுப்போட்ட தீர்வுதான் 3டெஸ். சாவி நீண்டது, ஆனால் தரவை 64 பிட் துண்டுகளாக வெட்டும் பழக்கம் மாறவில்லை. ஒரு கூட்டத்தில் 23 பேர் இருந்தாலே இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும் என்பது கணிதம். அதே கணக்குப்படி, ஒரே சாவியில் சுமார் 32 ஜிபி தரவு ஓடினாலே இரண்டு மறைத்துண்டுகள் ஒன்றுபோல் அமையும் வாய்ப்பு வந்துவிடுகிறது. அப்படி அமைந்தால் உள்ளடக்கம் கசியும். கார்த்திகேயன் பார்கவன், கேத்தான் லூரான் என்ற இரு ஆய்வாளர்கள் பிரான்சின் இன்ரியா நிறுவனத்தில் 2016இல் இதைச் செய்தே காட்டினார்கள். இணையதள இணைப்பொன்றில் 785 ஜிபி தரவைச் சேகரித்து, இரண்டு நாளுக்குள் ரகசியத்தை வெளியே எடுத்தார்கள். எஸ்எஸ்எச்சில் ஏறக்குறைய ஒவ்வொரு ஜிபிக்கும் சாவியை மாற்றச் சொல்லும் பரிந்துரை இருப்பதால் ஆபத்து அதே அளவில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் 3டெஸ் மிக மெதுவானது, பலன் ஏதும் இல்லாதது. 2023 முடிவோடு அமெரிக்கத் தர நிறுவனமான என்ஐஎஸ்டி மறையாக்கத்துக்கு அதன் அனுமதியையே முடித்துவிட்டது.

ஆர்க்ஃபோர் என்ற பெயரில் எஸ்எஸ்எச்சுக்குள் வாழ்ந்த ஆர்சி4 பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 1987இல் ரான் ரிவெஸ்ட் உருவாக்கியது. அதன் வெளியீட்டில் ஒருபக்கச் சாய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. 2015இல் இணையதளப் பாதுகாப்பு நெறிமுறையில் அதைத் தடை செய்தார்கள். பட்டியலில் பார்த்தால் உடனே நீக்கிவிடலாம்.

சிபிசி (துண்டுகளைச் சங்கிலியாகக் கோக்கும் முறை) என்ற வால் ஒட்டிய பெயர்களின் கதைதான் இன்னும் ஆழமானது. அவற்றில் ஏஇஎஸ் சைஃபரும் உண்டு. பெல்ஜியத்தின் யோவான் டாமன், வின்சென்ட் ரைமன் இருவரும் வடிவமைத்து, பதினைந்து போட்டியாளர்களில் வென்று, 2001இல் தரமான அதே ஏஇஎஸ். சைஃபரில் குறையில்லை. அதை எஸ்எஸ்எச்சில் பொருத்திய விதத்தில்தான் குறை. எஸ்எஸ்எச் ஒவ்வொரு பொட்டலத்தின் முதல் நான்கு பைட்டில் அதன் நீளத்தை எழுதி, அதையும் மறையாக்கம் செய்கிறது. பெறுகிற பக்கம் முதல் துண்டை அவிழ்த்து நீளத்தைப் படிக்கும். அத்தனை பைட் வரும்வரை காத்திருக்கும். அதற்குப் பிறகுதான் முத்திரையைச் சரிபார்க்கும். லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியில் மார்ட்டின் ஆல்பிரெக்ட், கென்னி பேட்டர்சன், கேவன் வாட்சன் ஆகியோர் இந்தக் காத்திருப்பைப் பிடித்துக்கொண்டார்கள். முன்பு போன ஒரு மறைத்துண்டை எடுத்துப் புதுப் பொட்டலத்தின் தொடக்கம்போல் நுழைக்க வேண்டும். சர்வர் அதை அவிழ்த்து, வருகிற எண்ணை நீளம் என்று நம்பிக் காத்திருக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குப்பைத் தரவை அனுப்பிக்கொண்டே போக வேண்டும். எத்தனையாவது பைட்டில் சர்வர் ‘முத்திரை சரியில்லை’ என்று இணைப்பை அறுக்கிறதோ, அந்த எண்ணிக்கை ரகசியத் துண்டின் 32 பிட்டைச் சொல்லிவிடும். வெற்றி வாய்ப்பு 2,62,144இல் ஒன்று. சிறிய எண்தான். ஆனால் இணைப்பு அறுந்ததும் தானாகவே மறுபடி இணைந்து அதே கோப்பை மறுபடி அனுப்பும் எஸ்எஃப்டிபி நிரல்கள் ஏராளம். அவற்றுக்கு எதிரே அந்த எண் அத்தனை ஆறுதல் தராது. 2009இல் வெளிவந்த அந்த ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். சைஃபரை யாரும் உடைக்கவில்லை. சர்வர் எத்தனை நேரம் பொறுமையாக இருக்கிறது என்பதை மட்டும் அளந்தார்கள்.

2014இல், பரவலாகப் பயன்படும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச்சின் 6.7 பதிப்பு சர்வரின் இயல்புப் பட்டியலிலிருந்து சிபிசி முறையை எடுத்துவிட்டது. அதன் இடத்தில் நின்றவை மூன்று: ஏஇஎஸ் சிடிஆர், ஏஇஎஸ் ஜிசிஎம், டேனியல் பெர்ன்ஸ்டைன் உருவாக்கிய சாச்சா20-பாலி1305. கடைசி இரண்டிலும் மறையாக்கமும் முத்திரையும் ஒன்றாகவே இணைந்திருக்கும். பொட்டல நீளம் என்ற பழைய சிக்கலை இரண்டும் இரு விதமாகத் தீர்க்கின்றன. ஜிசிஎம்மில் நீளம் வெளிப்படையாகவே போகும், ஆனால் முத்திரைக்கு உட்பட்டது. சாச்சாவில் நீளத்துக்கென்றே தனிச் சாவி உண்டு. வேகத்தைப் பொறுத்தவரை, ஏஇஎஸ் கணக்கைச் சில்லுக்குள்ளேயே போடும் புராசசர்களில் ஜிசிஎம் முந்தும். அந்த வசதி இல்லாத சிறு கருவிகளில் சாச்சா முந்தும். 128 பிட்டா 256 பிட்டா என்று அலுவலகங்களில் நடக்கும் விவாதம் எனக்கு நேர விரயமாகவே படுகிறது. 128 பிட் சாவிகளின் எண்ணிக்கையே 39 இலக்கம்.

புதியவை என்பதற்காக அவற்றையும் எழுதி வைத்துவிட்டு மறந்துவிட முடியாது. 2023 டிசம்பரில் ஜெர்மனியின் போஹும் நகரில் இருக்கும் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘டெராப்பின்’ என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். நடுவில் இருப்பவர் மறையாக்கத்துக்கு முன்பே ஒரு வெற்றுச் செய்தியை நுழைத்துச் செய்திகளின் எண்ணிக்கையைத் தள்ளிவிட்டால், மறையாக்கத்துக்குப் பின் வரும் முதல் செய்தியை யாருக்கும் தெரியாமல் விழுங்கிவிட முடியும். இதற்கு ஆட்பட்டது சாச்சா20-பாலி1305. முத்திரையைப் பின்னால் போடும் வகை சிபிசியும் ஆட்பட்டது. ஜிசிஎம் தப்பியது. ஓபன்எஸ்எஸ்எச் 9.6 இதைச் சரிசெய்தது. ஆனால் கிளையன்ட், சர்வர் இரண்டுமே புதுப்பிக்கப்பட்டிருந்தால்தான் அந்தத் திருத்தம் வேலை செய்யும். ஒரு பக்கம் பழையதாகவே இருக்கப்போகிறது என்றால், அது மாறும்வரை சாச்சாவைப் பட்டியலிலிருந்து எடுத்து வைப்பது நல்லது.

சரி, கையை வைக்கும் வேலைக்கு வருவோம். லினக்ஸ் சர்வரில் எஸ்எஸ்எச்சின் அமைப்புக் கோப்பில் ‘சைஃபர்ஸ்’ என்று தொடங்கும் வரியில் அனுமதிக்கும் பெயர்களைக் காற்புள்ளியிட்டு எழுதினால் போதும். எழுதுவது இரண்டு நிமிட வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் பெரிது. பதிவேட்டின் விவர அளவைக் கொஞ்ச காலம் உயர்த்தி வைத்து, எந்தக் கிளையன்ட் எந்த சைஃபரில் வருகிறது என்று பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை மட்டும் இணையும் கணினி உண்டு. அதனால் ஒரு வாரப் பதிவு போதாது. ஆளே மறந்துபோன ஏதோ ஒரு ஸ்கேனரோ, பத்தாண்டு பழைய கணக்கு மென்பொருளோ அங்கேதான் அகப்படும். அதன் உரிமையாளரிடம் பேசி, தேதி குறித்து, அதன் பிறகு நீக்குவதுதான் முறை. சொல்லாமல் நீக்கினால் சம்பள நாளன்று ‘பொருந்தும் சைஃபர் இல்லை’ என்ற பிழையோடு கோப்பு நின்றுவிடும். மேலிடத்து உத்தரவில் பழைய வரி அப்படியே திரும்ப வந்து உட்காரும்.

சைஃபர் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் எஸ்எஸ்எச் சேவை தொடங்கவே மறுக்கும். தொலைவில் இருக்கும் சர்வர் என்றால் கதவு சாத்தியதுதான். அமைப்புக் கோப்பைச் சோதிக்க சேவையிலேயே கட்டளை உண்டு. அதை ஓட்டிய பிறகே மறுதொடக்கம் செய்ய வேண்டும். அப்போது திறந்திருக்கும் உங்கள் இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு சாளரத்தில் புதிதாக இணைந்து பார்க்க வேண்டும். நடந்துகொண்டிருக்கும் இணைப்பு மறுதொடக்கத்தால் அறுவதில்லை. தவறிருந்தால் அதன் வழியாகவே திருத்தலாம். ரெட் ஹாட் குடும்ப லினக்ஸில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அதன் 8ஆம் பதிப்பில் கணினி முழுமைக்குமான மறையாக்கக் கொள்கை, அமைப்புக் கோப்பில் நீங்கள் எழுதிய வரியை மிஞ்சி நிற்கும். எழுதியதை நம்பாமல் வெளியிலிருந்து சோதிக்க வேண்டும். 3டெஸ் மட்டும் வேண்டும் என்று வேண்டுமென்றே கேட்டு இணைந்து பாருங்கள். சர்வர் மறுத்தால்தான் வேலை முடிந்தது.

சைஃபரோடு சாவி உருவாக்கும் முறையையும் பார்த்துவிட வேண்டும். இன்று ஓடும் மறையாக்கத் தரவைச் சேமித்து வைத்து, குவாண்டம் கணினி வந்த பிறகு அவிழ்க்கலாம் என்ற அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது. ஆபத்து ஏஇஎஸ்ஸுக்கு அவ்வளவாக இல்லை, சாவிப் பரிமாற்றத்துக்குத்தான். ஓபன்எஸ்எஸ்எச் 2022இன் 9.0 பதிப்பிலேயே குவாண்டத்தைத் தாங்கும் கலப்பு முறையை இயல்பாக்கிவிட்டது. 2025இன் 10.0 பதிப்பில் அந்த இடத்துக்கு என்ஐஎஸ்டி தரமாக்கிய எம்எல்-கெம் வந்திருக்கிறது. மருத்துவப் பதிவுகள் போல நெடுங்காலம் ரகசியமாக இருக்க வேண்டியவற்றைக் கையாளும் சர்வர்களை இந்தப் பதிப்புகளுக்கு உயர்த்துவதைத் தள்ளிப்போடக் கூடாது.

உங்கள் அலுவலகத்துக்கு எஸ்எஃப்டிபி சர்வர் ஒன்று இருந்தால், அதைப் பார்த்துக்கொள்பவரிடம் இந்த வாரமே கேளுங்கள்: நம் சர்வர் 3டெஸ்ஸையும் சிபிசியையும் இன்னும் ஏற்கிறதா? வெளியிலிருந்து சோதித்துப் பதில் சொல்ல அவருக்குப் பத்து நிமிடம் போதும்.