மறைந்திருக்கும் சிசுவும் அறிவை மறைக்கும் மதுவும்

அரபு மொழியில் கருவிலுள்ள குழந்தைக்கு 'ஜனீன்' என்பது பெயர். மறைந்திருத்தல் என்பதே அதன் வேர்ப்பொருள். ஜின், ஜன்னத் ஆகிய சொற்களும் அவ்வேரில் கிளைத்தவையே. மதுவைக் குறிக்கும் 'கம்ர்' என்னும் சொல்லோ, மூடுதல் என்ற பொருளுடையது. அறிவை மூடுவதால் அப்பெயர் பெற்றதென மொழியறிஞர்கள் விளக்குவர். மனிதன் தாயின் வயிற்றில் மூன்று இருள்களுக்குள் படைக்கப்படுவதைத் திருமறை (39:6) சுட்டுகிறது. தாய் அருந்தும் மது அவ்விருள்களையும் கடந்து சிசுவை எட்டுமா?

எட்டும் என்கிறது மருத்துவம். ஆல்கஹால் நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடக்கிறது. சிசுவின் இரத்தத்திலும் அதன் அளவு ஏறத்தாழத் தாயின் இரத்தத்திலுள்ள அளவுக்கு உயர்கிறது. அதை முறிக்கும் ஆற்றல் சிசுவின் முதிராத ஈரலுக்குப் போதாது. பனிக்குட நீரிலும் அது தங்குகிறது. தாயின் மயக்கம் சில மணி நேரத்தில் தெளியும். வளரும் மூளைக்கு நேர்ந்த ஊறோ வாழ்நாள் முழுதும் தொடரும்.

பிரான்சின் நாந்த் நகர மருத்துவர் போல் லெமுவான், மதுப்பழக்கமுள்ள பெற்றோரின் 127 குழந்தைகளை ஆராய்ந்து 1968இல் எழுதினார். அன்று அதைப் பலர் கவனிக்கவில்லை. 1973இல் அமெரிக்காவின் சியாட்டிலில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் ஆகியோர் இப்பாதிப்பை 'லான்செட்' இதழில் விளக்கி, அதற்குத் தனிப்பெயரும் இட்டனர். குன்றிய வளர்ச்சி, சிறுத்த கண்திறப்பு, மெலிந்த மேலுதடு, கற்றலிலும் நடத்தையிலும் இடர் ஆகியன அதன் அடையாளங்கள். இதனைத் தீர்க்கும் மருந்து இல்லை. ஆனால் மதுவைத் தவிர்த்தால் முற்றிலும் தடுக்கலாம்.

எவ்வளவு அருந்தினால் தீங்கில்லை? பாதுகாப்பான அளவென ஒன்றை மருத்துவம் வரையறுக்கவில்லை. மிகுதியாக அருந்தினால் போதை தருவது எதுவோ, அதில் சிறிதளவும் விலக்கப்பட்டதே என்பது நபி (ஸல்) அவர்களின் தீர்ப்பு. மார்க்கத் தடை மருத்துவச் சான்றுக்காகக் காத்திருந்ததன்று. எனினும் இரண்டும் இங்கே ஓரிடத்தில் சந்திக்கின்றன.

நம் இல்லங்களில் இப்பேச்சுக்கு இடமேது எனச் சிலர் வினவலாம். அரிஷ்டம், ஆசவம் என்பன புளிக்கவைத்து ஆக்கப்படுபவை. அவற்றில் ஆல்கஹால் தானே உண்டாகிறது. புட்டியின் மேலுறையைப் படித்தால் இது விளங்கும். மருத்துவரைக் கேளாமல் கர்ப்பிணிக்கு அவற்றைக் கொடுக்கலாகாது. கருவுற்றதை அறியாமல் மது அருந்திவிட்ட பெண் எவரேனும் நம்மிடம் வந்தால், ஏசி விரட்டுவதும் முறையன்று. எந்த மாதத்தில் நிறுத்தினாலும் சிசுவுக்கு நன்மையே என்பதை அவருக்கு எடுத்துரைப்பதே நம் கடமை.

பிறவாத பிள்ளைக்கும் வாரிசுச் சொத்தில் பங்கு ஒதுக்கிவைப்பது நமது ஃபிக்ஹ். அப்பிள்ளைக்குத் தீங்கு நேருமென்று தாய் அஞ்சினால், ரமளானின் கடமையான நோன்பையே பின்னர் நோற்க அது இடமளிக்கிறது. ஒரு ஃபர்ளே விட்டுக்கொடுத்து நிற்கும் அச்சிசுவின் முன், ஒரு மிடறு மதுவுக்கு என்ன உரிமை இருக்கிறது?